விதிகள் எழுதப்படும்போது நாம் எங்கே இருக்கிறோம்? தொழில்முறைச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவர்கள், செவிலியர்கள், பொறியாளர்கள், வேதியியலாளர்கள், பாதுகாப்பு அலுவலர்கள், தொழில்சார் சுகாதார வல்லுநர்கள் ஆகியோரின் சங்கங்களை நடத்தும் நிர்வாகிகளுக்கும், அந்தச் சங்கங்களின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நேரடியாகவே கேட்டுவிடுகிறேன். பணியிடப் பாதுகாப்பு பற்றியோ தொழிலாளர் உடல்நலம் பற்றியோ ஒரு சட்டமோ விதியோ வரைவாக வெளிவரும் ஒவ்வொரு முறையும், உங்கள் சங்கம் அதை வரிவரியாகப் படித்து எழுத்துமூலமாகக் கருத்துச் சொல்ல வேண்டும். அதற்கென்று தன்னார்வ உறுப்பினர்களைக் கொண்ட நிலையான குழு ஒன்று வேண்டும். அந்தக் குழுவில் உழைக்கிற உறுப்பினருக்கு வேலையிடத்தில் நெருக்கடி வந்தால் சங்கம் அவர் பக்கம் நிற்க வேண்டும். கருத்தரங்கு நடத்துகிறோம், பயிற்சி வகுப்பு எடுக்கிறோம், ஆண்டு மலர் போடுகிறோம். அந்த வரிசையில் இந்த வேலையும் சேர வேண்டும்.

நான் தொழிலிடங்களில் காற்றையும் இரைச்சலையும் அளக்கும் வேலையில் இருக்கிறேன். உங்களில் சிலர் இதை நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள், அதனால் சொல்கிறேன். கல் அறுக்கும் இடம் என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளியின் இடுப்பு பெல்ட்டில் கைக்கு அடக்கமான ஒரு பம்ப் மாட்டுவோம். அதிலிருந்து ஒரு குழாய் முதுகுப் பக்கமாக ஏறி, தோளைத் தாண்டி வந்து, சட்டைக் காலரில் கிளிப் போட்டு நிறுத்திய வடிகட்டியில் முடியும். அது அவருடைய மூக்கிலிருந்து ஏறக்குறைய 30 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அவர் இழுக்கும் காற்றைத்தான் பம்பும் இழுக்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. வடிகட்டிக்கு முன்னால் இருக்கிற சின்னக் கருவி காற்றைச் சுழற்றிப் பருமனான தூசியைத் தள்ளிவிடும். நுரையீரலின் அடி வரை போகிற நுண்தூசி மட்டும் வடிகட்டியில் படியும்.

ஷிப்ட் முடிந்து கழற்றிப் பார்த்தால் அந்த வெள்ளை வடிகட்டியில் பல நேரம் எதுவுமே தெரியாது. கல்லை அறுக்கும்போது எழும் சிலிக்கா தூசிக்கு அமெரிக்காவில் இன்று இருக்கும் சட்ட வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம். அந்த அளவு நுண்தூசியைக் கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. "எங்கே தூசி? நன்றாகத்தானே இருக்கிறது" என்று மேற்பார்வையாளர் சொல்லும் இடத்திலேயே வரம்பைத் தாண்டிய அளவுகள் வருவதுண்டு.

பம்பைக் கழற்றும்போது தொழிலாளி கேட்பார்: "இதுல என்ன வரும்? எங்களுக்குச் சொல்வீங்களா?" அறிக்கை நிர்வாகத்துக்குப் போகும் என்று பதில் சொல்வேன். ஒப்பந்தம் அப்படித்தான் இருக்கும். அறிக்கை ஒரு கோப்பில் போய் உட்காரும். இப்படி எத்தனை அலமாரிகளில் எத்தனை அறிக்கைகள் இருக்கின்றனவோ. எந்த வேலையில், எந்த இயந்திரத்தின் பக்கத்தில், எந்த மாதிரிக் காற்றோட்டத்தில் நோய் உருவாகிறது என்பது நம் தொழிலில் இருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். விதியை எழுதும் மேசைக்கு அந்த அறிவு போய்ச் சேருவதில்லை.

போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதே சிலிக்கா போதும். 50 மைக்ரோகிராம் என்ற எண் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. அமெரிக்க அரசின் சொந்த ஆய்வு நிறுவனமான நியாஷ் 1974லேயே அதைப் பரிந்துரைத்துவிட்டது. அது சட்ட வரம்பானது 2016ல். நடுவில் 42 ஆண்டுகள். அந்த இடைவெளியில் அறிவியலுக்கு ஒரு குறையும் இல்லை. எந்தத் தூசி, எந்த அளவில், எப்படி நுரையீரலைக் கெட்டிப்படுத்தும் என்பதெல்லாம் தெரிந்த விஷயம். தெரிந்ததைச் சட்டமாக்கும் வேலைதான் 42 ஆண்டு இழுத்தது. ஒருவர் இருபது வயதில் கல் வேலைக்கு வந்து, அறுபதைத் தாண்டி ஓய்வு பெறும் காலம் அது.

இந்த இழுபறி பழைய கதை. 1775ல் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைக்கும் வேலை செய்தவர்களுக்கு வருகிற விரைப்பைப் புற்றுநோய்க்குப் புகைக்கரிதான் காரணம் என்று எழுதினார். ஒரு தொழிலுக்கும் ஒரு புற்றுநோய்க்கும் இருக்கும் உறவை மருத்துவம் முதன்முதலில் தெளிவாகச் சுட்டிக்காட்டிய இடங்களில் அது ஒன்று. சிறுவர்களைப் புகைபோக்கிக்குள் ஏற்றுவதை இங்கிலாந்தில் உண்மையிலேயே முடிவுக்குக் கொண்டுவந்த சட்டம் 1875ல்தான் வந்தது. சரியாக நூறு ஆண்டு. இடையில் சட்டங்கள் வராமல் இல்லை. வந்தன. மீறினால் கேட்க ஆள் இல்லாத சட்டங்களாக வந்தன.

இப்போது வரைவு நிலைக்கு வருகிறேன். என் கோரிக்கையின் முழு எடையும் இங்கேதான் இருக்கிறது.

ஒரு வரைவு விதி வெளிவந்தால் கருத்துச் சொல்லச் சில வாரங்கள் கிடைக்கும். முதலாளிகளின் கூட்டமைப்புகள் அன்றே வேலையைத் தொடங்கிவிடும். அவர்களிடம் வழக்கறிஞர்கள் உண்டு, ஆலோசகர்கள் உண்டு, சம்பளம் வாங்கிக்கொண்டு இதையே முழுநேரமாகச் செய்பவர்கள் உண்டு. அதில் தவறு ஒன்றும் இல்லை, அவர்கள் தரப்பை அவர்கள் சொல்கிறார்கள். தொழிற்சங்கங்கள் தங்களுக்கு இருக்கும் ஆள்பலத்தில் எழுதும். சங்கமே இல்லாத தொழிலாளர்கள் தரப்பில் பெரும்பாலும் யாரும் எழுத மாட்டார்கள். அப்புறம் நாம். "இது எங்கள் துறைதான், ஆனால் இது எங்கள் வேலை இல்லை" என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறோம். விதி வந்த பிறகு அதை விளக்கிப் பயிற்சி வகுப்பு நடத்துகிறோம்.

வரைவில் தீர்மானமாகிற விஷயங்கள் வெளியே இருப்பவருக்குச் சின்னதாகத் தெரியும். இரைச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்று ஒரு வரம்பு. சத்தம் 3 டெசிபல் கூடினால் அதன் ஆற்றல் இரு மடங்காகிறது. ஆகவே நேரம் பாதியாக வேண்டும்: 88 டெசிபலில் நாலு மணி நேரம், 91ல் இரண்டு, இப்படியே போனால் 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். அமெரிக்காவின் சட்ட விதியோ 90 டெசிபலில் தொடங்குகிறது, 5 டெசிபலுக்கு ஒருமுறைதான் நேரத்தைப் பாதியாக்குகிறது. அந்தக் கணக்குப்படி அதே 100 டெசிபல் இயந்திரத்தின் முன்னால் ஒருவர் இரண்டு மணி நேரம் நிற்கலாம். கால் மணி நேரம் எங்கே, இரண்டு மணி நேரம் எங்கே! காது ஒன்றுதான். வரைவில் இந்த 3க்கும் 5க்கும் உள்ள வித்தியாசம் ஒரு பின்னிணைப்பில், ஒரு அட்டவணையின் அடியில் இருக்கும். அதைப் பார்த்த உடனே புரிந்துகொள்ளக்கூடியவர்கள் நம் சங்கங்களில்தான் இருக்கிறார்கள்.

அளவீடு எங்கே எடுப்பது என்பதும் அப்படித்தான். "பணியிடக் காற்றில் தூசியின் அளவு இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது" என்று மட்டும் விதி சொன்னால், கருவியைச் சுவரோரமாக, கதவுக்குப் பக்கத்தில் வைத்து அளந்துவிட்டு விதிக்கு உட்பட்டிருக்கிறோம் என்று சொல்லலாம். "தொழிலாளி சுவாசிக்கும் இடத்தில்" என்று ஒரு சொற்றொடர் சேர்ந்தால் பம்ப் அவர் உடம்புக்கு வர வேண்டும். இரண்டு இடத்திலும் வரும் எண்கள் எவ்வளவு விலகி நிற்கும் என்பது அளந்து பார்த்த நமக்குத் தெரியும். பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்கு எட்டு மணி நேர வரம்பை எப்படிக் குறைத்துக்கொள்வது என்று விதியில் இருக்கிறதா? முடிவு தொழிலாளிக்குத் தெரிய வேண்டும் என்று இருக்கிறதா? இவற்றை யாராவது எழுதிக் கேட்டால்தான் வரும்.

எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தருவது, விதி யாருக்குப் பொருந்தும் என்று சொல்லும் அந்த முதல் பிரிவு. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசி நுரையீரலை என்ன செய்கிறது என்று மெரிவெதர், பிரைஸ் என்ற இரு அரசு ஆய்வாளர்கள் 1930ல் பிரிட்டனில் விரிவான அறிக்கை தந்தார்கள். அவர்களில் ஒருவர் மருத்துவர், இன்னொருவர் பொறியாளர். அடுத்த ஆண்டே விதிகள் வந்தன. அவ்வளவு வேகம். ஆனால் அந்த விதிகள் முக்கியமாகக் கல்நாரைப் பதப்படுத்தும், பொருளாக்கும் ஆலைகளைப் பற்றியே பேசின. அந்தப் பொருளை வாங்கிக் கப்பல்களிலும் கட்டடங்களிலும் குழாய்களுக்கு வெப்பக்காப்புப் போட்டவர்கள் பெரும்பாலும் வெளியே நின்றார்கள். அமெரிக்காவில் 1964ல் மருத்துவர் இர்விங் செலிகாஃப், தொழிற்சங்கத்தின் துணையோடு அதே வெப்பக்காப்புத் தொழிலாளர்களை ஆராய்ந்து வெளியிட்டபோது அவர்களுடைய நுரையீரல்களின் நிலை உலகுக்குத் தெரிந்தது. கல்நார் பயன்பாட்டை பிரிட்டன் முற்றிலும் தடை செய்தது 1999ல். 1931ல் அந்த முதல் பிரிவைப் படித்துவிட்டு "பொருளைச் செய்பவரைப் பற்றிச் சொல்கிறீர்கள், அதை அறுத்துப் பொருத்துபவர் எங்கே?" என்று அழுத்தமாகக் கேட்க ஒரு பொறியாளர் சங்கம் இருந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு.

தனி ஆளாக ஒரு நிபுணர் பேசினால் போதாதா என்று கேட்பீர்கள். பேசியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு இருக்கும் மதிப்பு பெரிது. ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் 1910ல் இல்லினாய் மாநிலத்தில் தொழில்சார் நோய்களைக் கணக்கெடுக்கும் பணியை முன்னின்று நடத்தினார். ஈய நஞ்சு எந்தெந்த ஆலைகளில் இருக்கிறது என்பதற்குப் பட்டியல்கூட இல்லாத காலம். மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினார், தொழிலாளர் வீடுகளுக்குப் போனார், நோயாளியின் பெயரையும் அவர் வேலை செய்த இடத்தையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தார். 1911ல் அந்த மாநிலத்தில் சட்டம் வந்தது. 1919ல் ஹார்வர்டின் முதல் பெண் ஆசிரியரானார். இப்படிப்பட்ட ஒருவர், பெட்ரோலில் ஈயம் கலப்பது ஆபத்து என்று 1925ல் அமெரிக்க அரசு கூட்டிய மாநாட்டில் எதிர்த்துப் பேசினார். அவர் பேச்சு எடுபடவில்லை. ஈயம் கலந்த பெட்ரோல் உலகத்தின் கடைசி நாட்டில் வாகனங்களுக்கு விற்பது நின்றது 2021ல். ஹாமில்டனுக்குத் திறமை போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. எதிரே இருந்தவை அமைப்புகள். அவர் பக்கம் நின்றவர்கள் மிகச் சிலர்.

அமைப்பாகச் செய்ததற்கும் உதாரணம் உண்டு. தீக்குச்சி ஆலைகளில் வெள்ளை பாஸ்பரஸ் தொழிலாளர்களின் தாடை எலும்பை அழுகச் செய்துகொண்டிருந்தது. அதற்குப் பதிலாகப் பயன்படுத்தக்கூடிய வேறொரு பாஸ்பரஸ் சேர்மம் 1898லேயே பிரான்ஸில் புழக்கத்துக்கு வந்துவிட்டது. 1906ல் பெர்ன் நகரில் வெள்ளை பாஸ்பரஸைத் தடை செய்யும் சர்வதேச உடன்படிக்கை உருவானது. அமெரிக்கா அதில் சேரவில்லை. அங்கே பொருளாதாரப் பேராசிரியர்களும் சட்டம் படித்தவர்களும் சேர்ந்து நடத்திய தொழிலாளர் சட்டச் சங்கம் ஒன்று ஆலை ஆலையாக விசாரித்து, நோயாளிகளைக் கண்டுபிடித்து, 1910ல் அறிக்கை வெளியிட்டு, சட்டத்துக்கும் குரல் கொடுத்தது. 1912ல் வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சிகளின் மேல் தாங்க முடியாத வரி விதித்து அமெரிக்கா அதை ஒழித்தது. கற்றவர்கள் கூடி ஒரு பிரச்சினையைக் கையில் எடுத்துக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டால் எப்படி இருக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் இது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2013 ஏப்ரல் 23 அன்று வங்கதேசத்தில் ரானா பிளாசா கட்டடத்தில் விரிசல் விழுந்தது. வந்து பார்த்த பொறியாளர், உள்ளே போவது ஆபத்து என்றார். ஆட்களை வெளியேற்றினார்கள். மறுநாள் காலை கீழ்த்தளத்தில் இருந்த வங்கியும் கடைகளும் திறக்கவில்லை. மேல் தளங்களில் இருந்த ஆடைத் தொழிற்சாலைகளின் தொழிலாளர்களை மட்டும் வேலைக்கு ஏறச் சொன்னார்கள். கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். பொறியாளரின் கண் தவறவில்லை, அவர் வாயும் மூடியிருக்கவில்லை. அவர் சொன்னதை நிறைவேற்றியே ஆக வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தும் ஏற்பாடு அங்கே இல்லை. அடுத்த மாதமே ஆடை நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இதைத்தான் சரிசெய்தார்கள்: சுதந்திரமான பொறியாளர்கள் ஆய்வு செய்வார்கள், ஆய்வறிக்கை எல்லோரும் பார்க்கும்படி வெளியாகும், ஒப்புக்கொண்டதைச் செய்யாவிட்டால் சட்டப்படி கேட்கலாம். நம் தொழில்முறைத் திறமைக்கு உயிர் கொடுப்பது இந்த மாதிரி ஏற்பாடுகள். அவற்றை உருவாக்கும் இடத்தில் நாமும் இருக்க வேண்டாமா?

உங்கள் சங்கத்தில் இதைப் பேச எடுத்தால் வரக்கூடிய தடைகள் எனக்குத் தெரியும். முதலில் யாராவது "இது அரசியல்" என்பார்கள். ஒரு கட்சிக்கு ஓட்டுக் கேட்பது அரசியல், அது சங்கத்தின் வேலை இல்லை, சரி. சுவாசிக்கும் காற்றில் எவ்வளவு தூசி இருக்கலாம் என்று அளந்து சொல்வது நம் படிப்பு. 2022 ஜூனில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, பாதுகாப்பான, ஆரோக்கியமான பணிச்சூழலை வேலையின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. கட்டாய உழைப்பு ஒழிப்பு, குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு ஆகியவை இருக்கும் அதே பட்டியல். உலகத்து அரசுகளும் முதலாளிகளும் தொழிலாளர்களும் ஒரே அவையில் உட்கார்ந்து ஒப்புக்கொண்ட உரிமையைப் பற்றிப் பேசத் தயங்க வேண்டியதில்லை.

இரண்டாவது தடை நிஜமானது: பயம். நம்மில் பெரும்பாலோருக்குச் சம்பளமோ கட்டணமோ கொடுப்பது நிறுவனங்கள்தான். வரைவு விதியின் மேல் என் பெயரில் கடுமையாக ஒரு கருத்து எழுதினால் அடுத்த ஒப்பந்தம் வராமல் போகலாம் என்று ஒருவர் நினைப்பதில் வியப்பில்லை. அதனால்தான் சங்கத்தின் பெயரில் எழுத வேண்டும் என்கிறேன். குழுவில் யார் எந்த வரியை எழுதினார் என்பது வெளியே போக வேண்டியதில்லை. கையெழுத்து சங்கத்துடையது. தொழில்சார் சுகாதாரச் சேவை பற்றி சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வின் 161ஆம் உடன்படிக்கை, 1985ல் வந்தது, இந்தச் சேவையில் இருப்பவர்களுக்கு முதலாளியிடமிருந்தும் தொழிலாளர்களிடமிருந்தும் முழுத் தொழில்முறைச் சுதந்திரம் வேண்டும் என்று பத்தாவது பிரிவில் சொல்கிறது. அந்தப் பிரிவைச் சங்கத்தின் விதிகளில் எடுத்து எழுதுங்கள். ஒரு உறுப்பினர் தன் கருத்துக்காக வேலையை இழந்தால் சட்ட உதவிக்குச் சங்கம் நிதி ஒதுக்கட்டும்.

"நடைமுறைக்கு ஒத்துவராது" என்ற வாதத்தைச் சந்திக்கவும் நாம் தேவை. 1974 தொடக்கத்தில் அமெரிக்காவின் லூயிவில் நகரில் பிவிசி ஆலை ஒன்றின் தொழிலாளர்களுக்கு மிக அரிதான கல்லீரல் புற்றுநோய் வந்திருப்பது வெளியே தெரிந்தது. வினைல் குளோரைடு என்ற வாயுதான் காரணம். காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 500 பங்கு என்றிருந்த வரம்பை அதே ஆண்டு 1 பங்காகக் குறைத்து விதி வந்தது. தொழிலே மூடிவிடும், லட்சக்கணக்கில் வேலை போய்விடும் என்றார்கள். ஆலைகள் கசிவை அடைத்தன, செயல்முறையை மாற்றின, தொழில் தொடர்ந்தது. எது முடியும், எது முடியாது, எதற்கு இன்னும் ஆறு மாதம் கூடுதலாகத் தர வேண்டும் என்று நிதானமாகச் சொல்லக்கூடியவர் ஒரு செயல்முறைப் பொறியாளர். சில நேரம் முதலாளி தரப்பு சொல்வது சரியாகவும் இருக்கும். அப்போது அதையும் சொல்வோம். நம் பேச்சுக்கு மதிப்பு வருவதே அதனால்தான்.

குழு அமைத்தால் எனக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. எழுத உட்காரும் முன் தொழிலாளர்களிடம் போக வேண்டும். 1977ல் கலிஃபோர்னியாவில் பூச்சிக்கொல்லி ஆலை ஒன்றில் வேலை செய்தவர்கள், தங்களில் பலருக்குக் குழந்தை பிறக்கவில்லை என்பதைத் தங்களுக்குள் பேசிப் பேசித்தான் கண்டுபிடித்தார்கள். தொழிற்சங்கம் வற்புறுத்திப் பரிசோதனை நடந்தது. டிபிசிபி என்ற பூச்சிக்கொல்லி அவர்களுடைய விந்தணுக்களை அழித்திருந்தது. அந்த ஆலையில் அதை முதலில் கவனித்தது நிபுணர்கள் இல்லை. படித்தவர்கள் என்பதற்காகத் தொழிலாளி பேச வேண்டிய நாற்காலியில் நாம் போய் உட்காரக் கூடாது. அவர் சொல்வதற்கு அளவும் ஆதாரமும் சேர்ப்பதே நம் பங்கு.

மற்றது, நம் சொந்த லாபம். நான் காற்றை அளந்து பிழைப்பவன். "மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும்" என்று விதியில் வந்தால் என் தொழிலுக்கு நல்லது. முகக்கவசம் விற்பவருக்கு முகக்கவசத்தைக் கட்டாயமாக்கும் விதி நல்லது. குழுவில் சேரும் ஒவ்வொருவரும் தனக்கு எங்கிருந்து வருமானம் வருகிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அது எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். பாதுகாப்பின் வரிசையை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம்: ஆபத்தை அகற்று, முடியாவிட்டால் மாற்றுப் பொருள் தேடு, அதுவும் முடியாவிட்டால் இயந்திரத்தை அடைத்துக் காற்றை உறிஞ்சு, பிறகு வேலைமுறையை மாற்று, முகக்கவசம் கடைசியில். சமையலறை மேடைக்கான செயற்கைக் கல்லில் 90 விழுக்காட்டுக்கு மேல் சிலிக்கா இருந்த வகைகள் உண்டு. அதை அறுத்த இளைஞர்களுக்குச் சில ஆண்டுகளிலேயே, சிலிக்கா தூசியால் நுரையீரல் கெட்டிப்படும் சிலிகோசிஸ் நோய் வந்தது. ஆஸ்திரேலியாவில் நுரையீரல் மருத்துவர்களும் தொழில்சார் சுகாதார வல்லுநர்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து, அந்தப் பொருளே வேண்டாம் என்று வற்புறுத்தினார்கள். 2024 ஜூலை 1 முதல் அது அங்கே தடை. அளக்க வேண்டிய தேவையையே இல்லாமல் ஆக்கிய விதி அது, என் தொழில் செய்பவர்களும் சேர்ந்து கேட்டு வாங்கியது.

கடைசியாக, அந்த அலமாரி அறிக்கைகள். நம் ஒப்பந்தங்களில் ஒரே ஒரு பிரிவு சேர்க்க முடியும்: நிறுவனத்தின் பெயர், இடம், தொழிலாளியின் பெயர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, அளவீட்டை மட்டும் சங்கத்தின் பொதுத் தொகுப்பில் சேர்க்க அனுமதி. என்ன வேலை, என்ன இயந்திரம், தண்ணீர் தெளித்தார்களா, உறிஞ்சும் விசிறி இருந்ததா, எவ்வளவு நேரம், எவ்வளவு வந்தது. இவ்வளவுதான் தேவை. ஒருவர் தனியாக இந்தப் பிரிவைக் கேட்டால் நிறுவனம் வேறு ஆளைப் பார்க்கும். சங்கமே மாதிரி ஒப்பந்தமாக வெளியிட்டு, எல்லா உறுப்பினரும் அதையே நீட்டினால் பேச்சு வேறு. சில ஆண்டுகளில், "ஈரமாக அறுத்தால் இவ்வளவுக்குள் வரும், உலர்வாக அறுத்தால் வராது" என்று எந்த மேசையிலும் எண்ணோடு சொல்லலாம்.

ஐ.எல்.ஓ. 2023ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி வேலை காரணமாக உலகில் ஆண்டுக்கு 29 லட்சத்து 30 ஆயிரம் பேர் இறக்கிறார்கள். அதில் விபத்தில் இறப்பவர்கள் சுமார் 3 லட்சத்து 30 ஆயிரம். மீதி 26 லட்சமும் நோய். விபத்து செய்தியாகிறது. நோய் ஓய்வுபெற்ற பிறகு, வேறொரு ஊரில், வேறொரு மருத்துவரிடம் போய் நிற்கிறது. அந்த மருத்துவரும் "என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேட்காவிட்டால் அது கணக்கிலும் வராது. ரமஸினி என்ற இத்தாலிய மருத்துவர் அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லி 300 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இந்த 26 லட்சம் பேருக்காக விதி எழுதும் இடத்தில் பேசுவதற்கு, நோயைப் பார்த்தவரும் தூசியை அளந்தவரும் இயந்திரத்தை வடிவமைத்தவரும் வராவிட்டால் வேறு யார் வருவார்?

என் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். தன்னார்வக் குழு, வருமான அறிவிப்பு, சட்ட உதவி நிதி, மாதிரி ஒப்பந்தப் பிரிவு, இந்த நான்கும் அதில் இருக்கும். வழிமொழிய ஒருவர் வேண்டும். மற்ற சங்கங்களில் இருப்பவர்கள் இதே வாசகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், மாற்ற வேண்டியதை மாற்றிக்கொள்ளலாம். மருத்துவர் சங்கத்திலிருந்து இரண்டு பேரும் பொறியாளர் சங்கத்திலிருந்து இரண்டு பேரும் கிடைத்தால் அடுத்த வரைவு வெளிவருவதற்குள் கூட்டாக உட்கார்ந்துவிடலாம். மாலை நேரங்களில் என்றால் எனக்கு எப்போதும் சரி.

இப்படிக்கு,
தொழில்சார் சுகாதாரத் துறையில் பணிபுரியும் ஓர் உறுப்பினர்